மஞ்சுக்கு மச்சான்

கயிறு மேல்நோக்கி இழுக்கவும் சடையன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குதிகாலைப் பாறை வெடிப்புக்குள் ஊன்றிக்கொண்டான், ஏனென்றால் கீழே தொங்குகிற ஆளின் எடைக்குக் கயிறு கீழ்நோக்கி இழுப்பதுதான் வழக்கம், பதினாறு வருஷமாக அக்காள் புருஷன் வெள்ளியனுக்கு அவன்தான் கயிறு பிடிக்கிறான், ஒரு தடவைகூட வெள்ளியன் மேல்நோக்கி விழுந்ததில்லை.

“மச்சான்!” என்று விளிம்பில் குனிந்து கத்தினான். “தேன் எடுக்கிறியா, பறக்கிறியா?”

கீழிருந்து பதில் வந்தது. “மாப்ளே, அடையில தேன் இல்ல. மஞ்சு இருக்கு.”

“என்ன இருக்கு?”

“மஞ்சுடா, பனிமூட்டம். அஞ்சு வருஷமா மலையேறாத மஞ்சு. இங்கன பொந்துக்குள்ள ஒளிஞ்சு கெடக்கு. எடுக்கவா, விடவா?”

“வெறுங்கையோட போனா அக்கா உன்னை வையாது, என்னைத்தான் வையும். எடு.”

பளியர்கள் மலைத்தேனுக்கு இறங்கும்போது கயிற்றை அண்ணன் தம்பி பிடிப்பதில்லை, கூட்டாளி பிடிப்பதில்லை, மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்கிறான். பங்காளியின் கை ஒரு நொடி வேறு எதையாவது நினைக்கலாம், ஆனால் அக்காள் புருஷனைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அக்காளின் முகத்தைப் பார்க்க எவனாலும் முடியாது. மேலே வந்தவனின் இடுப்பு முடிச்சை, கயிறு பிடித்தவனே தன் கையால் அவிழ்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பீடி, அதற்குப் பிறகுதான் பேச்சு.

வெள்ளியன் மேலே வந்தான், சடையன் முடிச்சை அவிழ்த்தான், இருவரும் பீடி பற்ற வைத்தார்கள், அப்போது கயிற்றின் மிச்ச நுனியில் வெள்ளியன் கட்டிவிட்டிருந்த மஞ்சு வந்தது. மூன்று மாதத்து யானைக்கன்று அளவு இருந்தது. பக்கத்தில் போனால் காதுமடல் குளிர்ந்தது. பாறைமேல் நின்று இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்ப்பதுபோல அசைந்தது, மச்சான்கள் இருவரும் நடக்கத் தொடங்கியதும் பின்னால் நடந்தது, அவர்கள் நின்றபோது நின்றது, ஒற்றையடிப் பாதையில் ஈச்சம்புதர் குறுக்கிட்ட இடத்தில் மட்டும் புதருக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது.

அவர்கள் ஊர் தேவாங்குப்பாறை, மொத்தம் பதினோரு வீடு. வாசலில் முள்ளுவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்த பூவாயி முதலில் புருஷனின் கையைப் பார்த்தாள், பிறகு தம்பியின் கையைப் பார்த்தாள், பிறகுதான் கயிற்றின் மறுநுனியைப் பார்த்தாள்.

“தேன் எங்க?”

“இந்த வருஷம் இதுதான்” என்றான் வெள்ளியன்.

பூவாயி எழுந்து போய் மஞ்சுக்குள் கையை விட்டாள், எடுத்தாள், உள்ளங்கை ஈரத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டாள். “இத்தனை வருஷம் எங்க போயிருந்துச்சாம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிழங்குக்குத் திரும்பினாள்.

அன்று மத்தியானமே பதினோரு வீடும் கூடி உட்கார்ந்தன. மஞ்சு ஏன் அடைக்குள் இருந்தது என்று யாரும் பேசவில்லை. அதை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் சிக்கல், முறை தெரியாமல் ஒருவரை வா என்றும் சொல்ல முடியாது, தள்ளி நில் என்றும் சொல்ல முடியாது. சடையன் கயிறு பிடித்து ஏற்றியிருக்கிறான், அதனால் அவனுக்கு மச்சான், அதில் சந்தேகமில்லை. சடையனுக்கு மச்சான் என்றால் சடையனோடு கூடப்பிறந்தவளுக்கு என்ன ஆகவேண்டும்? எல்லோரும் பூவாயியைப் பார்த்தார்கள்.

“நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்” என்றான் வெள்ளியன்.

“அவசரப்படாத மச்சான், அக்கா யோசிக்கட்டும்” என்றான் சடையன்.

பூவாயி யோசித்தாள். “ஒருத்தனுக்கே கிழங்கு அவிச்சு முடியல” என்றாள். “ரெண்டு பேரும் ஒரே கயித்துல ஏறி வந்திருக்காங்க, அப்ப அண்ணன் தம்பிதான். பின்னால வந்தது எளையது. எனக்குக் கொழுந்தன். போங்க, போய்ப் பொழப்பப் பாருங்க.”

அப்படித்தான் மஞ்சு பூவாயிக்குக் கொழுந்தனும் சடையனுக்கு மச்சானும் ஆனது. மறுநாளிலிருந்து பூவாயி வாசல் பெருக்கும்போது “கொழுந்தனாரே, காலைத் தூக்கும்” என்பாள், மஞ்சு ஒரு முழம் உயரும், அவள் பெருக்கி முடித்ததும் இறங்கும். துணி காயவில்லை என்றால் அதைத் திட்டினாள். பக்கத்து வீட்டு முருங்கை பூத்தபோது அதைப் பாராட்டவும் செய்தாள், ஆனால் அது காதில் விழாதபடி.

கயிற்றை மட்டும் வேறு யாராலும் பிடிக்க முடியவில்லை. காலையில் வெயில் ஏறும்போது மஞ்சு பள்ளத்தாக்குப் பக்கம் சாயும், அப்போது வேறு ஆள் பிடித்தால் அவரையும் இழுத்துக்கொண்டு போகும், சடையன் பிடித்தால் மட்டும் இரண்டு எட்டு சாய்ந்துவிட்டு நிற்கும். அதனால் சடையன் கயிற்றை இடக்கையில் சுற்றிக்கொண்டே சாப்பிட்டான், சுற்றிக்கொண்டே சவரம் செய்தான், அந்தப் பக்கக் கன்னத்தில் மட்டும் எப்போதும் தாடி கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

மஞ்சை விட்டுவிடவும் முடியாது. சித்திரையில் வனக்காவலர் ஜெயசீலன் ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தார். தேவாங்குப்பாறை ஊற்று வற்றி இரண்டு வருஷமாகிறது, பெண்கள் எஸ்டேட் குழாய்க்கு மூன்று மைல் நடக்கிறார்கள், ஆகவே மக்களின் நன்மை கருதி அவர்கள் அடிவாரத் தொகுப்பு வீடுகளுக்கு மாற்றப்படுவார்கள், ஆவணி முதல் திங்கட்கிழமை அதிகாரி நேரில் வந்து ஊற்றைப் பார்ப்பார், தண்ணீர் உண்டென்றால் இருக்கலாம், இல்லையென்றால் இறங்க வேண்டும். வெள்ளியன் அடிவாரத்துக்குப் போய் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். தகரக் கூரை, வரிசை வரிசையாக, ஒன்றைப்போல் இன்னொன்று, தன் வீடு எது என்று கண்டுபிடிக்கக் கதவில் நம்பர் போட்டிருந்தார்கள். “பாறையே இல்ல மாப்ளே” என்றான். “அங்க நீ எனக்கு எதுல இருந்து கயிறு பிடிப்ப? தண்ணித் தொட்டியில இருந்தா?”

ஊற்றுக்குத் தண்ணீர் கொடுத்தது அதற்கு மேலே இருந்த சதுப்பு. சதுப்புக்குத் தண்ணீர் கொடுத்தது மஞ்சு. நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்னால் ஆஷ்வெல் துரை அங்கே பங்களா கட்டியபோது, மஞ்சு சாயங்காலந்தோறும் அனுமதி கேட்காமல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவர் மனைவியின் பியானோவுக்குள் உட்கார்ந்தது, அந்த அம்மாள் ஒரு கட்டையை அழுத்தினால் இன்னொன்று கேட்டது, இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் அழுதாள். துரை கப்பலில் வாட்டில் மர விதை வரவழைத்தார், மலையில் அதற்குச் சீகை என்று பெயர். பூமியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கிற மரம், வெட்டினால் பத்தாக முளைக்கிற மரம். சதுப்பிலும் புல்வெளியிலும் வரிசையாக நட்டார், அதைத் தொடுகிறவனுக்குத் தண்டனை என்று காகிதம் எழுதினார். மரம் வளர்ந்து சதுப்பு காய்வதற்குள் அந்த அம்மாள் பியானோவை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டாள். பிறகு துரையும் போனார், மரம் இருந்தது. துரையின் சர்க்காரும் போனது, காகிதம் இருந்தது.

சடையன் மஞ்சை ஓட்டிக்கொண்டு போய்ப் பழைய சதுப்பில் உட்காரச் சொன்னபோது அது சீகைத் தோப்பின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தான், தள்ளிப் பார்த்தான், தள்ளிய கை மறுபக்கம் வந்ததுதான் மிச்சம்.

“வருமா பின்ன?” என்றாள் பூவாயி. “தன் எடத்தைப் புடுங்கினவன் வாசல்ல எந்தக் கொழுந்தன் உக்காருவான்? எடத்தைச் சுத்தம் பண்ணணும்.”

பதினோரு வீடும் சதுப்பில் இறங்கின. பெரிய மரங்களை விட்டார்கள், ஆள் உயரத்துக்குக் கீழே இருந்ததை வேரோடு பிடுங்கினார்கள், பிடுங்கிய இடத்தில் வாயால் ஊதினார்கள், ஏன் என்று கேட்டால் விதை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார்கள். மூன்றாம் நாள் ஜெயசீலன் வந்தார். நல்ல மனிதர், முழங்கால் வலிக்காரர், பதினோரு வீட்டிலும் தேநீர் குடித்தவர்.

“ஏய், என்ன பண்றீங்க? ஒரு மரம் வெட்டினா என் வேலை போயிரும்!”

“வெட்டலைங்க சார்” என்றாள் பூவாயி. “அருவா கொண்டாந்திருக்கோமான்னு பாருங்க. புடுங்குறோம்.”

“எதுக்கு?”

“கொழுந்தன் வந்திருக்கார்.”

ஜெயசீலன் தோப்போரத்தில் நின்ற மஞ்சைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கயிற்றைப் பிடித்திருந்த சடையனைப் பார்த்தார். வழுக்கையில் ஈரம் படவும் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ‘உறவினர் வருகையை முன்னிட்டுக் குடியிருப்போரால் இடம் பெருக்கிச் சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதித் தேதி போட்டார். பிறகு முழங்காலை மஞ்சுக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போனார்.

ஆடி பிறந்தபோது மஞ்சு சதுப்பில் உட்காரத் தொடங்கியிருந்தது. காலையில் உட்காரும், பொழுது சாய எழும், எழுந்த இடத்தில் மண் கறுத்திருக்கும், ஒரு வாரத்தில் அங்கே யாரும் பெயர் மறந்திருந்த ஒரு புல் தலைகாட்டியது. ஊற்றில் மட்டும் தண்ணீர் வரவில்லை. ஆனால் சேதி வெளியே போய்விட்டது, எஸ்டேட் மேனேஜர் கோகுல்நாத் வெள்ளைச் சட்டையில் ஒரு காகிதத்தோடு வந்து சேர்ந்தார்.

“இது ஆஷ்வெல் துரையோட குத்தகைப் பத்திரம், இப்ப எஸ்டேட்டுக்கு வந்திருக்கு” என்றார். “மண், மரம், கல், மேலிருந்து விழுகிற சகலமும்னு எழுதியிருக்கு. மஞ்சு மேலிருந்துதானே வருது? காப்பிச் செடியெல்லாம் கருகுது. நான் ஓட்டிட்டுப் போறேன்.”

“இது கீழ இருந்து வந்துச்சுங்க” என்றான் வெள்ளியன். “நான்தான் ஏத்திவிட்டேன்.”

“சட்டத்துல அதெல்லாம் கணக்கில்ல.”

சடையன் மணிக்கட்டிலிருந்து கயிற்றைப் பிரித்து நீட்டினான். “தாராளமாப் பிடிங்க சார். உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?”

“இருக்கா, கோயம்புத்தூர்ல. அதுக்கென்ன இப்ப?”

“மச்சான் முறை இல்லாதவங்க பிடிச்சா இது நிக்காது சார். தங்கச்சியைக் குடுத்தா நிக்கும்.”

“கிண்டலா?” என்று மேனேஜர் கயிற்றை வாங்கினார். மஞ்சு அவரைப் பொறுமையாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்தது. அவர் உண்ணிச்செடிப் புதர்மேல் நடந்தார், உண்ணிச்செடிக்கு ஒரு முழம் மேலே நடந்தார், பிறகு நடக்கவில்லை, கடைசியில் ஒரு பெரிய சீகை மரத்தின் கவட்டையில் மெதுவாக, பாத்திரத்தை அடுக்கில் வைப்பதுபோல வைக்கப்பட்டார். கயிறு சடையனிடம் தானாகத் திரும்பி வந்தது.

எடுத்த காரியத்தை விடுகிறவர் அல்ல அவர். மரத்தில் உட்கார்ந்தபடியே கோயம்புத்தூருக்குப் போன் செய்தார், கீழே நின்றவர்கள் எல்லோருக்கும் மறுமுனை கேட்டது. “அண்ணா, உங்க மாப்பிள்ளைக்கு டிபன் கட்டவே காலைல நேரம் பத்தல, இதுல மேகத்துக்கு வேறயா? போனை வைங்க.” மேனேஜர் வைத்தார். இறங்கும்போது பாக்கெட்டிலிருந்து பத்திரம் விழுந்தது, வெள்ளியன் எடுத்துக் கொடுத்தான், நனைந்த மை ஊறி எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாக இருந்தது. “மேலிருந்துதான் விழுந்துச்சு சார்” என்றான்.

அந்தச் சிரிப்பு நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள்தான் பூவாயி கவனித்தாள். வாசல் பெருக்கும்போது காலைத் தூக்கச் சொன்னாள், மஞ்சு தூக்கியது, தூக்கியதில் மறுபக்கத்து வேலி தெரிந்தது. யானைக்கன்று அளவிலிருந்து மாட்டுக்கன்று அளவுக்கு இறங்கியிருந்தது. மறுநாள் ஆடு. ஆடி கடைசியில், ஆவணி முதல் திங்களுக்கு ஆறே நாள் இருக்கும்போது, அது ஒரு முயல் அளவுக்குச் சடையனின் காலடியில் கிடந்தது, கயிறு மட்டும் பழைய கனத்தில் இருந்தது.

ஒருவர் பச்சிலை வைத்தார். ஒருவர் தேன் காட்டினார். வெள்ளியன் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, என்னடா செய்யுது?” என்று அண்ணன் முறையில் விசாரித்தான். பூவாயி மட்டும் அதைப் பார்க்கவில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டேய் சடையா, உன் மச்சான் மேல வந்தா மொதல்ல என்ன பண்ணுவ?”

“பீடி குடிப்பேன்.”

“அதுக்கு முந்தி?”

சடையன் இடக்கைக் கயிற்றைக் குனிந்து பார்த்தான். பதினோரு வீடும் கயிற்றைப் பார்த்தன. ஒன்றரை மாதமாக அதைப் பிடித்திருந்தார்கள், அதற்கு முறை வைத்திருந்தார்கள், இடம் பெருக்கிக் கொடுத்திருந்தார்கள், ஒருவருக்கும் முடிச்சை அவிழ்க்கத் தோன்றவில்லை. இடுப்பு இருக்கிற ஆளாக இருந்திருந்தால் கை தானாகப் போயிருக்கும்.

“அவிழ்த்தா போயிரும் அக்கா” என்றான். “ஆறு நாள். ஆறே நாள் வச்சிருந்து ஆபீசருக்குக் காட்டிட்டு…”

“எதைக் காட்டுவ? இந்தா கெடக்கே, இந்தக் கைக்குட்டையையா?”

“அவிழ்க்காதடா” என்றார் ஒருவர் பின்னாலிருந்து. “இதுவும் போனா தகரத்துக்கு அடியிலதான் வேகணும்.” இன்னும் நாலைந்து பேர் அதையே சொன்னார்கள். அவர்களிடம் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது, அதைத்தான் சடையனால் தாங்க முடியவில்லை. வெள்ளியனைப் பார்த்தான்.

“எனக்கு அவிழ்த்துவிட்டதாலதான் நான் பதினாறு வருஷமா மறுபடி மறுபடி எறங்குறேன்” என்றான் வெள்ளியன். “கட்டியே வச்சிருந்தின்னா ஒரு நாளோட ஓடியிருப்பேன்.”

சடையன் மண்டியிட்டுக் கையை மஞ்சுக்குள் விட்டான். முயல் அளவுதான் இருந்தது, ஆனால் கை தோள்வரை போயிற்று, அங்கே ஆழத்தில், சில்லென்று, அவன் அக்காள் புருஷன் போட்ட தேன்முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. நகத்தால் கிள்ளி, திருகி, ஒரு நகம் பெயர்ந்து, அவிழ்த்தான். மஞ்சு எழுந்தது, பாறை விளிம்புக்குப் போனது, இறங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அதற்கு முகமில்லை என்று பிறகு பூவாயி சமாதானம் சொன்னாள்.

அடுத்த ஐந்து நாளும் வானம் வெளுத்துக் கிடந்தது. பதினோரு வீட்டில் ஒன்பது வீடு சடையனோடு பேசவில்லை. பாத்திரங்களை மூட்டை கட்டினார்கள், கோழிகளின் காலைக் கட்டினார்கள், பிறகு பாவம் என்று அவிழ்த்தார்கள். சடையன் வெறும் இடக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தான். ஞாயிற்றுக்கிழமை பூவாயி சட்டியை மூட்டைக்குள் வைக்கும்போது அழுதாள், யாரோ பார்த்ததும் வெங்காயம் என்றாள், வீட்டில் வெங்காயம் இல்லை.

திங்கட்கிழமை விடிந்து யாரோ கதவைத் திறந்தபோது எதிர்வீடு இல்லை. முற்றம் இல்லை. நீட்டிய கையில் விரல்கள் இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்திருந்தது, ஒன்றல்ல, அண்ணன் தம்பி, சித்தப்பன் பெரியப்பன், பெண் கொடுத்தவர்கள் எடுத்தவர்கள் என்று பந்தி பந்தியாக, தாழ்வாரத்தில் நின்று, கூரையில் உட்கார்ந்து, இடம் போதாமல் சதுப்பு முழுக்க நிறைந்து, பெரிய சீகை மரங்களின் தலையைக்கூட முழுங்கி. பூவாயி வாசலில் நின்று யார் தன் கொழுந்தன் என்று தெரியாமல் பொதுவாக எல்லோருக்கும், “வாங்க, வாங்க, மெதுவா, சட்டியை உடைச்சிராதீங்க” என்றாள்.

அதிகாரியின் ஜீப் இரண்டு வளைவு கீழேயே நின்றுவிட்டது. ஜெயசீலன் ஹாரன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய் அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அதிகாரி இளம் வயதுக்காரர், நேர்த்தியானவர், கோப்பைச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

“ஊற்று எங்க இருக்கு?”

“இந்தப் பக்கம் சார்.”

“எந்தப் பக்கம்? ஒண்ணும் தெரியலயே. இன்னொரு நாள் வரட்டுமா?”

“கடிதத்துல இன்னிக்குத்தான் போட்டிருக்கு சார்” என்றார் ஜெயசீலன். “நேரில் பார்வையிடணும்.”

“பார்வையே இல்லையேய்யா, எப்படிப் பார்வையிடறது?” என்று அதிகாரி ஒரு எட்டு வைத்தார். அடுத்த எட்டில் சளக்கென்று ஒரு சத்தம், பிறகு மஞ்சுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஜெயசீலன்.”

“சார்.”

“நான் எதுல நிக்கிறேன்?”

“ஊற்றுல சார்.”

கோப்பு திறக்கும் சத்தம். “நீர் ஆதாரம், உண்டு இல்லைன்னு ஒரு கட்டம் இருக்கு. உண்டுன்னு போட்டுக்கறேன். ஆழம்னு ஒரு கட்டம் இருக்கே, அளக்கிற டேப் ஜீப்ல இருக்கு. என்ன போட?”

சடையன்தான் சத்தம் வந்த பக்கம் பார்த்துக் கேட்டான். “சார், உங்களுக்கு எது வரைக்கும் சில்லுங்குது?”

“முழங்கால்.”

“அதையே போடுங்க சார்.”

அவர் போட்டார். வீட்டு வாசல்களில் பாத்திர மூட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரிகிற சத்தம் கேட்டது, ஒன்பது வீட்டிலிருந்தும் சடையனை மாப்ளே என்றும் மச்சான் என்றும் பெரியப்பா மகனே என்றும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள், அவன் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றான். ஊற்று நிறைந்து மேட்டைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்குக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. ஜெயசீலன் அதிகாரியின் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துக்கொண்டிருக்க, வெள்ளியன் அடுத்த வாரம் தேனுக்கு இறங்குவதைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருக்க, பூவாயி வாசலுக்கு வந்து குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கீறினாள், தண்ணீர் அடுப்படிப் பக்கம் வராமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று.